எக்ரீஜியஸ் காபியும் 640 வார்த்தை நோட்டும்: கடினமான இங்கிலீஷ் வார்த்தைகளை எப்படித்தான் படிப்பது?

கொண்டைஊசி_20 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கோரிமேடு, வேலை ஏற்காட்டில் ஒரு விடுதியின் ரிசப்ஷனில். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். தினமும் காலையில் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ராத்திரி அதே இருபதும் இறங்குகிறேன். அந்த நேரம் வீணாகிறதே என்று நாலு மாதமாக ஒரு லாங் சைஸ் நோட்டில் இங்கிலீஷ் வார்த்தைகள் எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் தமிழில் ஒரு அர்த்தம். நேற்றோடு 640 ஆகிவிட்டது. வீட்டில் எழுதுவேன், பஸ்ஸில் மனப்பாடம் மட்டும்தான், வளைவில் குனிந்து எழுதினால் குமட்டிக்கொண்டு வரும்.

பிரச்சினை இரண்டு. ஒன்று மறதி. ராத்திரி ஐம்பது வார்த்தை ஒப்பிப்பேன், மூன்றாம் நாள் பார்த்தால் பத்து கூட மிஞ்சாது. அதிலும் அகராதி வரிசையில் போனதால் அபேட், அபெட், அபேஸ், அப்ஜூர் எல்லாம் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, எது எது என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டாவது, மானம் போன கதை. விடுதியைப் பற்றி நெட்டில் விருந்தினர்கள் எழுதும் விமர்சனங்களுக்குப் பதில் போடுவது என் வேலை. சென்னையிலிருந்து வந்த ஒருவர் காபி பிரமாதம், எஸ்டேட் காபி என்றால் இதுதான் என்று எழுதியிருந்தார். வழக்கமாக நன்றி, மறுபடி வாருங்கள் என்று முடித்துவிடுவேன். அன்றைக்கு நோட்டில் படித்ததை எங்காவது இறக்க வேண்டும் என்று ஆசை. எக்ரீஜியஸ் என்ற வார்த்தைக்கு நான் எழுதி வைத்திருந்த அர்த்தம் "தனித்துத் தெரிகிற, அசாதாரணமான". சரி, நம் காபி அசாதாரணமானதுதானே என்று, "எங்கள் எக்ரீஜியஸ் காபியைச் சுவைக்க மீண்டும் வாருங்கள்" என்று இங்கிலீஷில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் அந்த விருந்தினரே சிரிக்கும் பொம்மை மூன்று போட்டு, "காபி அவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாமல் போச்சே" என்று எழுதினார். மேனேஜர் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். சமையல்கட்டு வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்தார். இப்போது காபி மாஸ்டர் என்னைப் பார்த்தாலே "எக்ரீஜியஸ் ஒண்ணு போடட்டுமா" என்கிறார்.

ஒரு வார்த்தை நல்லதா கெட்டதா என்று அர்த்தத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஐயாயிரம் வார்த்தை கொண்ட தடிப் புத்தகங்கள் விற்கிறார்களே, வாங்கலாமா? மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வும் எழுதுவதாக இருக்கிறேன், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தட்டுவடைசெட் எழுதியது:

முதலில் அந்த விடுதி பெயரைச் சொல்லு நண்பா, காபி நிஜமாகவே எக்ரீஜியஸாக இருந்தால் நீ எழுதியது சரியாகிவிடும்.

அஸ்தம்பட்டி_மிஸ் எழுதியது:

தம்பி, முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உன் தப்பில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: உன் அர்த்தம் தப்பு இல்லை, காலம்தான் தப்பு. எக்ரீஜியஸ் லத்தீனிலிருந்து வந்தது, "மந்தையிலிருந்து விலகி நிற்கிற" என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது பாராட்டு வார்த்தைதான், பெரிய மேதையை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கிண்டலாகச் சொல்லிச் சொல்லி, தனித்துத் தெரிகிற அளவுக்கு மோசமானது என்று தலைகீழாகிவிட்டது. நம் ஊர்க்கதைதான் இது. "கற்பூரம் நாறுமோ" என்று ஆண்டாள் கேட்டபோது நாற்றம் என்றால் வாசனை. இன்றைக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "உங்கள் மேல் நல்ல நாற்றம் வருகிறது" என்று சொல்லிப் பார், அடுத்த முறை வருவார்களா என்று. நீ அந்தச் சென்னைக்காரரிடம் சொன்னது கிட்டத்தட்ட அதுதான்.

அர்த்தத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். எக்ரீஜியஸ் பக்கத்தில் எப்போதும் எரர், வயலேஷன், அப்யூஸ் இந்த மாதிரி ஆட்கள்தான் இருப்பார்கள், காபி, பூ, குழந்தை எல்லாம் இருக்காது. தமிழில் இதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. மழை என்றால் பலத்த மழை, குளிர் என்றால் கடுங்குளிர் என்று தானாகவே வருகிறது. பலத்த குளிர் என்று ஒருவன் சொன்னால் புரியும், ஆனால் வெளியூர்க்காரன் என்று உடனே தெரிந்துவிடும். இங்கிலீஷிலும் ஹெவி ரெயின்தான், ஸ்ட்ராங் ரெயின் இல்லை. ஆனால் காபிக்கு ஸ்ட்ராங்தான், ஹெவி காபி கிடையாது. ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, அப்படித்தான்.

அதனால் நோட்டின் வலது பக்கத்தை மாற்று. தமிழ் அர்த்தத்தை அடிக்க வேண்டாம், இருக்கட்டும், ஆனால் அதற்குக் கீழே அந்த வார்த்தை வரும் ஒரு முழு வாக்கியத்தை எழுது. நீயாக உருவாக்காதே, படித்த இடத்திலிருந்து எடுத்து எழுது. அகராதி வாங்குவதென்றால் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறவர்களுக்காகவே எழுதிய லேர்னர்ஸ் டிக்ஷனரி வாங்கு. ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் பாடம் நடத்தி, அந்த மாணவர்கள் படும் பாட்டைப் பார்த்துத் தொகுத்ததுதான் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ். எளிய வார்த்தையில் அர்த்தம், கூடவே உதாரண வாக்கியம், "குறை சொல்லும் தொனி", "பழைய வழக்கு" என்கிற குறிப்பும் இருக்கும். அதை நீ பார்த்திருந்தால் காபி மாஸ்டர் இன்றைக்கு அமைதியாக இருந்திருப்பார்.

ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை என்பது கலைச்சொல்லுக்குச் சரிவரும். 1916இல் ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில் அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு சங்கமே தொடங்கினார், அந்த வேலைக்கு அது பொருந்தும், ஆக்சிஜன் எங்கே போனாலும் ஆக்சிஜன்தான். ஸாங்ஷன் அப்படி இல்லை. வங்கியில் லோன் ஸாங்ஷன் ஆனால் இனிப்பு வாங்குகிறோம், ஒரு நாட்டின் மேல் ஸாங்ஷன் என்றால் அது தண்டனை. வலது பக்கத்தில் "அனுமதி" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் பேப்பரில் பாதிச் செய்தி உனக்குத் தலைகீழாகப் புரியும்.

தடிப் புத்தகம் வேண்டாம். இன்னொன்று, உன் 640இல் அப்ஸ்ட்ரூஸ், அதாவது எளிதில் புரியாதது, இருக்கும் என்று நினைக்கிறேன். ரிலக்டன்ட், அதாவது மனமில்லாமல் தயங்குவது, இருக்கிறதா? வாக் என்பதற்குப் பதிலாக ஸ்ட்ரோல் எப்போது வரும் என்று தெரியுமா? பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2006இல் கணக்குப் போட்டுக் காட்டினார், நாவல், செய்தித்தாளை உதவியில்லாமல் படிக்க எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று. மலைத்துவிடாதே. சொற்குடும்பம் என்றால் டிசைட், டிசிஷன், டிசைசிவ், இன்டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான். நடுவில் இருக்கும் இந்தச் சாதாரண வார்த்தைகளை விட்டுவிட்டு உச்சாணிக்கிளைக்கு ஏறுகிறீர்கள், எல்லாப் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள்.

குகை_பாவுஊடை எழுதியது:

மிஸ் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் நான் படித்த வழி வேறு. அப்பா குகையில் விசைத்தறி ஓட்டினார், சின்ன வயதில் பள்ளி விட்டு வந்தால் எனக்குத் தார் சுற்றுகிற, அதாவது நாடாவுக்குள் வைக்கிற குழலில் நூல் சுற்றுகிற வேலை. இப்போது ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு இடத்தில் வெளிநாட்டு மெயில்களுக்குப் பதில் எழுதுகிறேன். எனக்கு ஒரு சொல் மனதில் நிற்க வேண்டுமென்றால் அதைக் கையால் தொட்ட மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலி.

முதலில் மாட்டியது லூம். எனக்கு லூம் என்றால் தறி, வேறெதுவும் தெரியாது. ஒரு செய்தியில் ஸ்ட்ரைக் லூம்ஸ் என்று தலைப்பு. தறிக்காரர்கள் ஸ்டிரைக் என்று நினைத்துப் பரபரப்பாக உள்ளே படித்தால் அது ஏதோ விமான கம்பெனி. வேலைநிறுத்தம் நெருங்கி வந்து பூதாகாரமாக நிற்கிறது என்று அர்த்தமாம். தறிக்கு வரும் லூம் பழைய இங்கிலீஷில் வெறுமனே கருவி என்று பொருள் கொண்டது, இந்த வினைச்சொல்லுக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆனால் ஏர்லூம் என்று பாட்டி வழி வந்த நகையைச் சொல்கிறார்களே, அதில் இருப்பது அந்தக் கருவி லூம்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக்கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற என் மாமாவிடம் இதைச் சொன்னேன், "கருவியைப் பேரனுக்கு எழுதி வைக்கிறது எங்களுக்கும் உண்டு" என்றார்.

அதிலிருந்து தறிப் பட்டறைக்குள்ளேயே தேட ஆரம்பித்தேன். நாடா இருக்கிறதே, ஷட்டில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் ஓடுகிறது. இரண்டு ஊருக்கு நடுவே ஓடுகிற ஷட்டில் ரயில், இரண்டு நாட்டுக்கு நடுவே பறந்துகொண்டே இருக்கும் தூதருடைய ஷட்டில் டிப்ளமஸி, போய்த் திரும்பி வருகிற விண்கலம், எல்லாம் அந்த நாடாதான். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், இங்கிலீஷில் வார்ப். அதே வார்ப் மரம் வளைந்து கோணலாவதற்கும் வரும், வார்ப்டு மைண்ட் என்றால் கோணல் புத்தி. டெக்ஸ்ட் என்பது லத்தீனில் நெய்தல் என்ற வினையிலிருந்து வந்தது, டெக்ஸ்டைலும் அதுவே. நாம் புத்தகத்தையும் நூல் என்கிறோம், துணிக்குப் போடுவதையும் நூல் என்கிறோம், அதனால் இதை எனக்கு யாரும் விளக்க வேண்டி இருக்கவில்லை. கான்டெக்ஸ்ட் என்றால் கூடச் சேர்த்து நெய்தது. ப்ரீடெக்ஸ்ட் என்றால் முன்னால் நெய்து தொங்கவிட்டது, அதாவது உள்ளே நடப்பது தெரியாமல் மறைக்கிற திரை, நம் பாஷையில் சாக்கு. எனக்கு இந்த வார்த்தை இனிமேல் சாகும் வரை மறக்காது.

க்ளூ என்றால் துப்பு. அது ஆதியில் நூல்கண்டு. கிரேக்கக் கதையில் புதிர்க்கோட்டைக்குள் போனவன் நூல்கண்டை அவிழ்த்துக்கொண்டே போய் அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தானாம், அந்தக் கண்டுதான் க்ளூ ஆனது. நாமும் "நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தான்" என்றுதானே சொல்கிறோம். ஷாடி என்றால் மட்டமான வேலை, அது இங்கிலாந்தில் பழைய கம்பளியைக் கிழித்து மறுபடி நூற்ற கழிவுக் கம்பளிக்குப் பெயர். ஆன் டென்டர்ஹுக்ஸ் என்பதும் நெசவுதான், நனைத்த கம்பளித் துணியைச் சட்டத்தில் இழுத்து மாட்டுகிற கொக்கி, ரிசல்ட் வரும் வரை நாம் இருக்கிற இருப்பு.

உனக்கு விடுதி இருக்கிறது, அங்கே ஆரம்பி. உங்கள் மெனுவில் மல்லிகட்டானி சூப் கட்டாயம் இருக்கும், மலை விடுதிகளில் அது இல்லாமல் இருக்காது. அது நம் மிளகுத்தண்ணி. கேட்டமரான் கட்டுமரம், செரூட் சுருட்டு. ஆத்தூர்ப் பக்கம் வயல் முழுக்க இருக்கிற மரவள்ளியை டேபியோக்கா என்கிறார்களே, அது பிரேசில் பழங்குடி மொழி. அதிலிருந்து செய்கிற நம் ஜவ்வரிசிக்குச் சாகோ என்று பெயர், அது மலாய், அங்கே ஒரு வகைப் பனையிலிருந்து எடுப்பது. பனையே இல்லாத பண்டத்துக்கு நாம் பனையின் பெயரை வைத்து ஊரெல்லாம் விற்கிறோம்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. வேர் பார்த்துப் படிப்பது சுகமாக இருக்கும், ஆனால் காலை வாரியும் விடும். நாய்சம் என்றால் சத்தம் போடுவது என்று ஒரு மெயிலில் எழுதிவிட்டேன், அது துர்நாற்றம் வீசுவது. ரெஸ்டிவ் என்றால் ஓய்வாக இருப்பது இல்லை, நிலைகொள்ளாமல் தவிப்பது. எனர்வேட் எனர்ஜி தருவது மாதிரித் தெரியும், உள்ளதையும் உறிஞ்சுவதுதான் அதன் வேலை.

மூன்றாம்முறை_தேறியவன் எழுதியது:

எல்லாம் சரி, கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தம்பி எஸ்.எஸ்.சி. எழுதுகிறான். அதில் பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க், தப்புக்கு அரை மார்க் போய்விடும். அங்கே நூல்கண்டுக் கதையை யாரும் கேட்க மாட்டார்கள். சினானிம் (ஒத்த சொல்), ஆன்டனிம் (எதிர்ச்சொல்), ஒரு நீள விளக்கத்துக்கு ஒரே வார்த்தை, இடியம் (மரபுத்தொடர்), இதுதான் வரும், இதற்கு லிஸ்ட் படித்தே ஆக வேண்டும். நான் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு மூன்றாம் முறை தேறியது பழைய கேள்வித்தாள்களால்தான். முதலில் அந்த வார்த்தைகளை முடி, கடைத்தெருப் புத்தகமெல்லாம் அப்புறம்.

ஆனால் படிக்கிற முறையை மாற்று, நோட்டு உதவாது. நோட்டில் முதல் பக்கம் நூறு தடவை படித்திருப்பாய், கடைசிப் பக்கம் இரண்டு தடவை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன்மேலேயே சோதனை செய்து காட்டிவிட்டார், மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே கொட்டிவிடுகிறது, அப்புறம் மெதுவாகத்தான் குறைகிறது. அதனால் மறக்கப் போகிற நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், அதை நாம் கணக்கு வைக்க முடியாது, ஆங்கி என்ற செயலி வைக்கும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனுக்குக் காசு. தெரிந்த அட்டை பத்து நாள் கழித்து வரும், தெரியாதது நாளைக்கே வந்து நிற்கும். போன் வேண்டாம் என்றால் ஐந்து டப்பா வை, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்கு, தப்பானால் மறுபடி முதல் டப்பாவுக்கு. நான் காலி மிக்சர் டப்பாக்களில்தான் வைத்திருந்தேன். அட்டையின் முன்பக்கம் மிஸ் சொன்ன வாக்கியத்தை எழுதி வார்த்தை இருக்கிற இடத்தில் கோடு போடு, பின்பக்கம் வார்த்தை. வெறும் வார்த்தையை வைத்து அர்த்தம் கேட்காதே, தேர்வில் ஆப்ஷனைப் பார்த்தால் ஞாபகம் வரும், வாயில் வராது.

ஒரு நாளைக்குப் பத்து புதுசு, அதற்கு மேல் வேண்டாம். அகர வரிசை மட்டும் கூடவே கூடாது, உன் அபேட் அபெட் குழப்பம் அதனால்தான். ஒத்த உருவம் உள்ள இரண்டை ஒரே நாளில் படித்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். அபேட்டை இன்றைக்குப் படி, மழை அபேட் ஆனது, அதாவது தணிந்தது என்று, குற்றத்துக்குத் துணைபோகிற அபெட் அடுத்த மாதம்.

அப்புறம் உச்சரிப்பு. எபிடோம் என்று ஒரு நேர்காணலில் நான்கு பேர் முன்னால் சொன்னேன். அது எபிட்டமி. கோணலாக என்று பொருள் தரும் ஒரு வார்த்தையை அவ்ரி என்று படித்துக்கொண்டிருந்தேன், அதை அரை என்று சொல்ல வேண்டுமாம். செயலியில் ஒலி உண்டு, ஒரு தடவை கேட்டுவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்.

கொண்டைஊசி_20 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். 640ஐயும் அட்டைக்கு மாற்றப் பார்த்தேன், அப்போதுதான் தெரிந்தது, அதில் இருநூறு வார்த்தைக்கு மேல் நான் எங்குமே படித்ததில்லை, உதாரண வாக்கியம் தேடினாலும் எனக்குச் சம்பந்தமில்லாத பழைய பாணி வாக்கியமாகத்தான் கிடைக்கிறது. அவற்றைக் கிழித்துப் போட மனசு வரவில்லை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். மிஸ், ரிலக்டன்ட் என் நோட்டில் இல்லை. அப்ஸ்ட்ரூஸ் இருந்தது.

விடுதிக்கு வருகிற விமர்சனங்களிலிருந்தே வாக்கியம் எடுக்க ஆரம்பித்தேன், அதுதான் எனக்குச் சரியாக வருகிறது. ஒருவர் அறையின் படுக்கை விரிப்பைப் பற்றி டிங்கி என்று எழுதியிருக்கிறார், பழுப்பேறிப் போய் அழுக்காகத் தெரிவது. போய்ப் பார்த்தேன், டிங்கிதான். அந்த அட்டை மறக்கவே மறக்காது.

நேற்று காலை பதினான்காவது வளைவில் ஒரே பனி, முன்னால் ஐந்தடி தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஏற்றினார். திடீரென்று எதிரில் லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து மலை மாதிரி வந்து நின்றது, பஸ்ஸில் எல்லோரும் முருகா என்றார்கள், எனக்கு மட்டும் லூம்டு என்று வாயில் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் "தறியா, எங்கே?" என்றார், அம்மாப்பேட்டைக்காரராம்.

அஸ்தம்பட்டி_மிஸ் எழுதியது:

லூம்டு அவுட் ஆஃப் த மிஸ்ட் என்று முழுசாக எழுதி அட்டையில் போடு, அது அப்படித்தான் வரும். என்னிடம் லேர்னர்ஸ் டிக்ஷனரி கூடுதலாக ஒன்று சும்மா கிடக்கிறது, அட்டை கிழிந்தது, உள்ளே நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை இறங்கும்போது அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் இறங்கினால் தருகிறேன். தனிச்செய்தி அனுப்பு.

கொண்டைஊசி_20 எழுதியது:

சனி ஞாயிறு கூட்டம் அதிகம் மிஸ், லீவு தர மேனேஜர் ரிலக்டன்ட். செவ்வாய்க்கிழமை வரட்டுமா? கால் கிலோ காபித்தூள் கொண்டு வருகிறேன், எஸ்டேட்டிலிருந்து வந்த புதுசு.